டான்சில் அறுவைச் சிகிச்சைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்காக

பெறுநர்: தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைத் துறை, மயக்கவியல் துறைத் தலைவர்கள், அறுவை அரங்கிலும் வார்டுகளிலும் பணிபுரியும் செவிலியர்கள்.

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றால் பேச்சும் புரிதலும் தாமதப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறம் வளரும் சதை) அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. சிகிச்சையை நீங்கள் திறமையாகவே செய்து தருகிறீர்கள். அதைப் பற்றி எங்களுக்குக் குறை ஏதுமில்லை. நான் எழுத வந்தது அதற்கு முந்தைய சில வாரங்களைப் பற்றியும் பிந்தைய இரண்டு வாரங்களைப் பற்றியும்தான். இரத்தப் பரிசோதனையும் வெறும் வயிற்றில் இருப்பதும் எப்படிச் சிகிச்சையின் பகுதியோ அப்படியே இப்பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதும் சிகிச்சையின் பகுதி என்று ஏற்று, அறுவைக்குத் தேதி குறிக்கும் நாளிலேயே அதைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்தச் சிகிச்சை இவர்களுக்கு எவ்வளவு அவசியம் என்பது உங்களுக்குத் தெரியும். இம்மடலைப் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் சிறிது சொல்கிறேன். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியதாகவும் தசைகள் தளர்ந்தும் இருப்பதால், அவர்களில் பாதிப் பேருக்கோ அதற்கும் மேலானவர்களுக்கோ உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது. குறட்டை விடுகிறார்களோ இல்லையோ, அவர்கள் அனைவருக்கும் 4 வயதுக்குள் ஓர் உறக்க ஆய்வு (உறங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் சோதனை) செய்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைப்பது இதனால்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் இதே தொல்லை வேறு வடிவத்தில் வெளிப்படலாம். இரவெல்லாம் வாயைத் திறந்தபடி மூச்சுக்குப் போராடியவன் பகலில் ஓரிடத்தில் உட்கார மாட்டான், தலையைச் சுவரில் இடித்துக்கொள்வான், எதிலும் கவனம் நிற்காது. தொண்டை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவான்; வீட்டில் அதற்கு அடம் என்று பெயர். ஆகவே, பயந்துபோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் மடல் இது இல்லை. காலத்தில் நடக்க வேண்டிய சிகிச்சை, பிள்ளையின் மனத்தைக் காயப்படுத்தாமல் நடக்க வேண்டும் என்று கேட்கும் மடல்.

இப்போது பெரும்பாலும் நடப்பது என்ன? பிள்ளைக்கு எதுவும் சொல்லாமல், "ஊருக்குப் போறோம்" என்று அழைத்து வருகிறார்கள். புதிய வாசனை, புதிய வெளிச்சம், கூட்டம், பசி, தாகம். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத காத்திருப்பு. பிறகு உடையை மாற்றுகிறார்கள், அம்மாவிடமிருந்து பிரிக்கிறார்கள், அறிமுகமில்லாத நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, மூக்கின் மேல் மாஸ்க்கை அழுத்துகிறார்கள். மருத்துவர்கள் பார்வையில் அது ஓரிரு நிமிட வேலை. என்ன நடக்கிறது என்றே புரியாத குழந்தைக்கோ அது மூச்சை நிறுத்த வந்தவர்களோடு நடந்த போராட்டம். அதற்குப் பிறகு பல் மருத்துவரிடமும் தடுப்பூசிக்கும் அவனை அழைத்துப்போவது எவ்வளவு கடினமாகிறது என்பதை நாங்கள் பள்ளியில் பார்க்கிறோம். வெள்ளை அங்கியைக் கண்டாலே அலறுகிறவர்கள் உண்டு. முடி வெட்டத் துணியைப் போர்த்தவும் விடாதவர்கள் உண்டு. இவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் மருத்துவமனை தேவைப்படும் என்பதை எண்ணிப் பாருங்கள். சிறு வயதில் வாய்க்கும் ஒரு அனுபவம் அந்த உறவு முழுவதையும் தீர்மானித்துவிடக் கூடாது.

ஆயத்தம் என்று நான் சொல்வதை இனி விளக்குகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லால் விளங்காததைப் படத்தால் விளக்கலாம். ஒரு நிகழ்வை, அது நடக்கும் வரிசையிலேயே, குழந்தையின் பார்வையிலிருந்து சிறு சிறு வாக்கியங்களும் படங்களுமாகச் சொல்லும் சமூகக் கதை என்ற முறையை கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியர் 1990-களின் தொடக்கத்தில் வகுத்தார். இன்று உலகெங்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு மருத்துவமனைப் படம் எங்கள் மாணவனுக்கு உதவாது. படத்தில் நீல நிறக் கதவு இருந்து, இங்கே வந்து பார்க்கும்போது பச்சை நிறக் கதவு இருந்தால், அதுவே அவனைக் குலைத்துப் போட்டுவிடும். அவனுக்கு வேண்டியது அவன் வரப்போகும் மருத்துவமனையின் படம்: அந்த வாசல், அந்த லிப்ட், அந்த வார்டின் கட்டில், தொப்பியும் முகக்கவசமும் அணிந்த செவிலியர், அதே செவிலியர் முகக்கவசத்தைக் கழற்றிச் சிரிக்கும் முகம், மயக்க மருந்து தரும் மாஸ்க், கண் விழிக்கும் அறை, வீட்டுக்குத் திரும்பும் பேருந்து. பன்னிரண்டு பதினைந்து படங்கள் போதும். கதையில் "தொண்டை வலிக்கும், மருந்து குடித்தால் குறையும், வலி ஒரு நாள் போய்விடும்" என்பதும் இருக்க வேண்டும். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி அழைத்து வரப்பட்ட குழந்தை, அடுத்த முறை யார் சொல்வதையும் நம்பாது.

படத்துக்கு அடுத்து ஒத்திகை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, கையில் கட்டும் பெயர்ப்பட்டை, இரத்த அழுத்தப் பட்டை, டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டுதல் ஆகிய ஒவ்வொன்றையும் நாளுக்குச் சில நொடிகள் என்று பழக்கிவிட்டால், அன்றைக்கு அவை பழைய பொருள்களாகிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது மாஸ்க். அளவுக்கேற்ற மாஸ்க் ஒன்றை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பொம்மைக்கு வைத்து, அப்பாவுக்கு வைத்து, பிறகு தனக்கே வைத்துக்கொண்டு, பத்து எண்ணும் வரை ஊதிப் பழகிய குழந்தையை அரங்கில் யாரும் பிடிக்க வேண்டிய தேவை பெரிதும் குறையும். சிலருக்கு எவ்வளவு பழக்கினாலும் முகத்தில் எதுவும் படக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி வழியோ, முன்னதாகவே வாய்வழியே தரும் அமைதி மருந்தோ பொருந்தும் என்பதை முன்பே முடிவு செய்ய இந்த ஒத்திகையே உதவும். எத்தனை நாள் முன்னதாகச் சொல்லத் தொடங்குவது என்பதைப் பெற்றோரிடம் விட்டுவிடுங்கள். மூன்று வாரம் முன்பு சொன்னால் தெளிகிற பிள்ளையும் இருக்கிறான்; அவ்வளவு முன்பே சொன்னால் மூன்று வாரமும் உறங்காமல் கவலைப்படுகிற பிள்ளையும் இருக்கிறாள்.

பெற்றோர் எழுதிக் கொண்டுவரும் ஒரு பக்கக் குறிப்பை நோயாளியின் கோப்பில் முதல் தாளாக வைக்குமாறும் கேட்கிறேன். பிள்ளை எப்படிப் பேசுகிறான், ஆம், இல்லை என்பதை எப்படிக் காட்டுகிறான், எந்த ஓசைக்குக் காதைப் பொத்துகிறான், தொட்டால் பிடிக்குமா, எதைக் கையில் வைத்திருந்தால் அமைதியாக இருப்பான், வலித்தால் என்ன செய்வான் என்பவை அதில் இருக்கும். அதே தாளில் மருத்துவச் செய்திகளும் ஒருசேர இருப்பது நல்லது. வலிப்பு மருந்தை அறுவை நாள் காலையில் நிறுத்திவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாது என்று எண்ணிக்கொள்கிறார்கள். வழக்கமான வேளையில் ஒரு வாய்த் தண்ணீரோடு அதைக் கொடுக்க வேண்டும் என்று மயக்கவியல் மருத்துவரே எழுதிக் கொடுத்தால் அந்தக் குழப்பம் தீரும். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தையென்றால் இதயக் குறையும் தைராய்டும் கேட்கப்படுகின்றன. கழுத்தின் மேல் இரு எலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கலாம் என்பதும், டான்சில் சிகிச்சைக்குக் கழுத்தைப் பின்னோக்கி வளைக்க வேண்டியிருப்பதால் அது கவனத்தில் இருக்க வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்தவையே. ஆனால் நடையில் மாற்றம், கழுத்தைச் சாய்த்தே வைத்திருத்தல், புதிதாகச் சிறுநீரை அடக்க முடியாமை போன்ற அறிகுறிகளை முதலில் கண்டிருப்பவள் அம்மாதான். அவளிடம் கேட்டால்தான் அவை வெளிவரும்.

அறுவை நாளைப் பற்றிச் சில. திட உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தெளிந்த நீர்மங்களுக்கு 2 மணி நேரம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட இடைவெளி. நடைமுறையிலோ, "இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் தராதீர்கள்" என்று எல்லாருக்கும் ஒரே வாக்கியமாகச் சொல்லப்பட்டு, மதியம் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் குழந்தைகள் கிடக்கிறார்கள். ஏன் சாப்பாடு இல்லை என்பது விளங்காத பிள்ளைக்கு இதைவிடக் கொடிய தொடக்கம் வேறு இருக்க முடியாது. பட்டியலில் இவர்களை முதலாவதாக வைத்து, தண்ணீர் எந்த மணி வரை தரலாம் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கூட்டமில்லாத ஒரு மூலையிலோ, மூடிய சிறு அறையிலோ காத்திருக்க விடுங்கள். அரங்கின் பச்சை உடை தோலில் உறுத்துகிறது என்றால், துவைத்த அவனுடைய பழைய பருத்திச் சட்டையோடே உள்ளே வரலாம். உறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். வென்ஃப்ளான் (மருந்து செலுத்த இரத்தக் குழாயில் பொருத்தும் சிறு குழாய்) போடுவதையும் இயன்றவரை உறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். விழித்திருக்கும்போதே போட வேண்டியிருந்தால், ஒரு மணி நேரம் முன்பு மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி வைப்பது சின்ன வேலை. மயக்கம் வரும் வரை அம்மாவோ அப்பாவோ அருகில் நிற்க விடுவதும், கண் விழிக்கும் கணத்தில் அங்கேயே இருக்க விடுவதும் இவற்றில் எல்லாம் முதன்மையானவை. மயக்கம் தெளியும்போது குழந்தைகள் காரணம் தெரியாமல் கதறித் துள்ளுவது பொதுவாகக் காணப்படுவதுதான். ஆனால் பேசாத பிள்ளையிடம் அது மயக்கத்தின் விளைவா, வலியா, பயமா என்று பிரித்தறியக் கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே.

பிள்ளை பேசுவதற்குப் பயன்படுத்தும் படப்பலகையோ டேப்லெட்டோ அரங்கின் வாசலில் வாங்கி வைக்கப்படுகிறது. பேச முடியாதவர்களுக்காகச் சென்னையிலேயே உருவான ஆவாஸ் போன்ற செயலிகளை எங்கள் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். அது விளையாட்டுச் சாமான் இல்லை, அவனுடைய வாய். தொண்டை புண்ணாக இருக்கும் நேரத்தில், ஓரிரு சொல் பேசும் பிள்ளையும் அந்தச் சொற்களை நிறுத்திவிடுவான் என்பதால், விழிக்கும் அறையிலேயே அது அவன் கைக்கு எட்ட வேண்டும். "வலி", "தண்ணீர்", "அம்மா", "போதும்", "வீடு" என்ற ஐந்து படங்கள் கொண்ட ஓர் அட்டையாவது ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கட்டும்.

வலியைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதில்தான். ஒன்று முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் கொடு என்றோ, முகப்படங்களில் உன் முகத்தைக் காட்டு என்றோ கேட்டால் அவர்களால் பதில் சொல்ல இயலாது. முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுவது என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, மொத்தம் 10-க்குக் கணக்கிடும் எஃப்.எல்.ஏ.சி.சி. அளவுகோல் பல மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக அதைத் திருத்தி அமைத்த வடிவமும் உண்டு. அதில் இந்தக் குழந்தை வலித்தால் என்ன செய்யும் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு, அந்தந்த வரியில் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவன் வலித்தால் சிரிப்பான். ஒருத்தி அசையாமல் உறைந்துபோவாள். அழாததால் வலி இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலியே தெரியாது என்ற பேச்சு இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது தவறு. வலி இருக்கிறது, அதைக் காட்டும் விதம் வேறு.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓரிரு நிமிடத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் அறிவுரைகள் இவர்களுக்குப் போதாது. டான்சில் வலி முதல் நாளோடு குறைந்துகொண்டே போகும் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. அது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடிவிடலாம் என்பதும், முழுதும் ஆற ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதும், தொண்டையின் வலி காதில் தெரியும் என்பதும் முன்பே தெரிந்திருந்தால், காதை அடித்துக்கொண்டு கதறும் மகனைப் பார்த்து அவர்கள் நிலைகுலைய மாட்டார்கள். தொண்டைக்குள் வெண்மையாகப் படர்ந்திருப்பது சீழ் இல்லை, ஆறும் புண்ணின் படலம் என்பதையும், வாய் சில நாள் நாறும் என்பதையும் படத்தோடு சொல்லுங்கள். "வலித்தால் கொடுங்கள்" என்ற குறிப்பு, வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மருந்தே கிடைக்காமல் செய்துவிடும். முதல் சில நாள்களுக்காவது கடிகாரத்தைப் பார்த்து, எடைக்கேற்ற அளவில், இரவிலும் தவறாமல் கொடுக்கும்படி மணியிட்டு எழுதித் தாருங்கள். சிரப்பைத் துப்பும் பிள்ளைக்கு மாத்திரையாகவோ ஆசனவாய் வழியாகவோ தரும் வழியையும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். மேலும், வலிக்கும் இருமலுக்கும் தரப்படும் கோடீன் கலந்த மருந்துகளைப் பற்றி ஒவ்வொரு பெற்றோரையும் எச்சரித்து அனுப்புங்கள். டான்சில் சிகிச்சைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர் மூச்சு நின்று இறந்ததை அடுத்து, அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. 2017-இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனே கூடாது என்றது. இங்கே இருமல் சிரப்பு என்ற பெயரில் அது வீட்டு அலமாரியிலேயே இருக்கக் கூடும்.

உணவு தனிச் சிக்கல். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் நான்கைந்து உணவுகளை மட்டுமே தொடுவார்கள். அவையும் அப்பளம், முறுக்கு, மொறுமொறு தோசை என்று இருக்கும். ஐஸ்க்ரீம் கொடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லப்படுகிறது; குளிர்ந்தது நாக்கில் பட்டாலே ஓங்கரிக்கும் பிள்ளைக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? தேதி குறித்த நாளிலேயே சொல்லிவிட்டால், குழைந்த தயிர் சோறு, ஆறிய கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இட்லி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பள்ளியிலும் வீட்டிலுமாகச் சேர்ந்து பழக்க எங்களால் முடியும். எதையும் விழுங்காவிட்டாலும் நீர் உள்ளே போக வேண்டும். இளநீரோ, தண்ணீரோ, அவன் விரும்பும் அதே குவளையில், நேரத்துக்கு இவ்வளவு என்று படம் ஒட்டி வைத்துக் கொடுக்கலாம். சிறுநீர் எத்தனை முறை கழித்தான் என்பதைக் குறித்துவரச் சொன்னால், நீர்ச்சத்து குறைவதை அம்மா முன்கூட்டியே கண்டுகொள்வாள்.

இரத்தக் கசிவு முதல் 24 மணி நேரத்தில் வரலாம். புண்ணின் படலம் உரியும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்ளும் வரலாம். வாயில் இரத்தம் வருகிறது என்று எங்கள் பிள்ளை எழுப்பிச் சொல்ல மாட்டான், விழுங்கிக்கொண்டே படுத்திருப்பான். உறக்கத்தில் அடிக்கடி விழுங்குவது, காப்பித் தூள் நிறத்தில் வாந்தி, தலையணையில் கறை, முகம் வெளிறுவது ஆகியவற்றைப் பெற்றோருக்குக் கற்றுத் தர வேண்டும். மலையடிவாரக் கிராமத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு, இரவு இரண்டு மணிக்கு எங்கே போவது, யாரை அழைப்பது என்பதும் 108 ஊர்தி எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் தாளில் இருக்க வேண்டும். உறக்கத்தில் மூச்சு கடுமையாகத் தடைப்படும் பிள்ளைகளை ஓரிரவாவது வைத்துக் கவனிப்பது அவசியம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பல குழந்தைகளுக்கு டான்சிலை எடுத்த பிறகும் மூச்சுத் தடை மிஞ்சுவதுண்டு. சில மாதங்களில் மீண்டும் சோதிக்கத் தேதி கொடுத்தே அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் ஆள் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். வார்டில் ஒரு செவிலியர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதை நானும் கண்டிருக்கிறேன். அவர் தோளில் இன்னொரு சுமையை ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் (வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மையங்கள்) பலவும் உங்கள் வளாகங்களுக்குள்ளேயே இருக்கின்றன. சிறப்புக் கல்வியாளர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருக்கு அந்த மையங்களில் பணியிடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. காது மூக்கு தொண்டைப் பிரிவு தேதி குறித்ததும் அந்த மையத்துக்கு ஒரு சீட்டு எழுதினால், ஆயத்த வேலையின் பெரும்பகுதியை அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியும். அரங்கு வாசலில் பிள்ளை முரண்டு பிடித்து அன்றைய சிகிச்சையே ரத்தானால் வீணாகும் நேரத்தோடு ஒப்பிட்டால், முன்கூட்டிய அரை மணி நேரச் சந்திப்பு பெரிய செலவில்லை.

இது கருணை கேட்டு எழுதுவதும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலையும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமையையும் வழங்கச் சொல்கிறது. சாய்தளமும் கைப்பிடியும் வைத்ததோடு தடை நீங்கிவிட்டதாக எண்ணுகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தடை படிக்கட்டில் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமையிலும், அம்மாவை வெளியே நிறுத்தும் கதவிலும் இருக்கிறது.

ஒரே ஒரு மருத்துவமனையில், ஒரே ஒரு அறுவை நாளில் இதைத் தொடங்கிப் பார்க்க நீங்கள் இசைந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையில், நோயாளிகள் எவர் முகமும் விழாமல், வாசல் முதல் விழிக்கும் அறை வரை படம் எடுக்க எங்களை அனுமதியுங்கள். படக் கதையைத் தமிழில் எழுதி அச்சிட்டுக் கொடுப்பதையும், ஒரு பக்கக் குறிப்பின் படிவத்தைத் தயாரிப்பதையும், பெற்றோருக்கு அதை நிரப்பக் கற்றுத் தருவதையும் எங்கள் பள்ளியின் ஆசிரியர்கள் செய்கிறோம். நீங்கள் தர வேண்டியவை அந்த அனுமதியும், சில மாஸ்க்குகளும், எங்களோடு பேச ஒரு மயக்கவியல் மருத்துவரின் அரை மணி நேரமும்தான். பள்ளி விடுமுறையில் பல பிள்ளைகளுக்குச் சிகிச்சைத் தேதி குறிக்கப்படுகிறது; அதற்கு முன்பே உங்கள் பதில் கிடைத்தால், இந்த ஆண்டு வரவிருக்கும் குழந்தைகளுக்கே கதையை ஆயத்தமாக்கிவிடலாம்.

மரியாதையுடன்,
சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர்